பல்தடம்

புதினா வாசனை வந்தால் இன்றும் எனக்குக் குமட்டும். பிரியாணிக்குப் போட்டாலும் சரி, துவையலுக்கு அரைத்தாலும் சரி, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவேன். வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானல் பங்களா ஒன்றில் ஒரு சீசன் முழுக்க நான் காக்டெயில் கலந்தது அவர்களுக்குத் தெரியாது.

நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். வந்த வருடமே அப்பா இறந்துபோனார். அம்மாவும் நானும் வடகவுஞ்சிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தோம். மழைக்காலம் வந்தால் அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். முந்தைய மழையில் சளியோடு ரத்தமும் வந்திருந்தது. இன்னொரு மழையை அந்தத் தகரத்துக்குக் கீழே அவள் தாங்க மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பங்களாவில் சீசனுக்கு மூன்று பெண்களை எடுத்தார்கள். சீசன் முடிந்ததும் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, பின்பக்கத்துச் செங்கல் அறையை அவளுக்குத் தருவதாக வீட்டுக்கார அம்மாள் சொல்லியிருந்தார். ஒழுகாத கூரை, உள்ளேயே கணப்பு. அந்த அறைக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தேன்.

வேலை மாலை நாலு மணிக்குத் தொடங்கும். பிளம்ஸ் பழத்தைப் பாதியாக வகிர்ந்து கொட்டையை எடுப்பேன். தாட்பூட் பழத்தைப் பிளந்து, உள்ளிருக்கும் புளிப்பான விதைக்கூழைச் சுரண்டி எலுமிச்சைச் சாற்றில் கலப்பேன். புதினாவையும் எலுமிச்சைப் புல்லையும் சர்க்கரையோடு சேர்த்து லேசாகத் தட்டி, பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, ஜின், சோடா, ஐஸ் எல்லாம் சேர்த்தால் முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்தவர்கள் சுற்றி நின்று மோந்து பார்ப்பார்கள்.

"எல்லாம் நம்ம கார்டன்ல காலைல பறிச்சது. ஃப்ரெஷ்" என்பார் அம்மாள்.

ஃப்ரெஷ்ஷாம், மண்ணாங்கட்டி. முதல் நாள் மட்டும்தான் அது ஃப்ரெஷ். குடித்து முடித்த கிளாஸ்கள் சமையலறைக்கு வந்ததும் அடியில் கிடக்கும் பழத் துண்டுகளைப் பொறுக்கி வடிகட்டியில் போடச் சொல்வார். எச்சில் வழியும், சிகரெட் சாம்பல் ஒட்டியிருக்கும், சில துண்டுகளில் உதட்டுச் சாயம் இருக்கும். அதையெல்லாம் வெந்நீரில் அலசி, சர்க்கரைப் பாகில் ஊற வைத்து, மறுநாள் கிண்ணத்தில் போட வேண்டும். கடித்து மிச்சம் வைத்த துண்டு என்றால் பல் பட்ட இடத்தைக் கத்தியால் சீவி எறிய வேண்டும். அந்தச் சீவுகிற வேலை எனக்கு.

இத்தனைக்கும் எங்களுக்குத் தேநீர் தருவது குழாயடியில் தனியாகக் கவிழ்த்து வைத்த அலுமினியத் தம்ளரில்தான். எங்கள் எச்சில் அவர்கள் பாத்திரத்தில் பட்டுவிடக் கூடாதாம். முதல் இரண்டு நாள் துண்டுகளைத் திருட்டுத்தனமாகச் சாக்கடையில் தள்ளிவிட்டேன். கூட வேலை செய்தவள் பார்த்துவிட்டாள்.

"ஏ பிள்ள, மூஞ்சியச் சுழிக்காம சோலிய வெரசா முடி. திங்கப் போறது நீயா நானா? அந்தம்மா பாத்தா ரூமும் கெடைக்காது, ஒண்ணும் கெடைக்காது" என்றாள்.

அதற்குப் பிறகு எறியவில்லை. ஆனால் பார்க்கவும் முடியவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலால் தடவித் தடவியே சீவுவேன். அப்படிச் சீவியதில்தான் ஒரு நாள் வினை வந்தது.

அன்று நான் பங்களாவின் புல்தரையில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்று ஊற்றிக்கொண்டிருந்தேன். முன்பற்களில் பெரிய இடைவெளி உள்ள ஒரு கனத்த மனிதர், ஒரு வாரமாகத் தங்கியிருப்பவர், கிளாஸிலிருந்து பிளம்ஸ் துண்டைக் கரண்டியால் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

"என்னம்மா இது? யாரோ கடிச்சிருக்கானே!"

நானும் பார்த்தேன். அரைவட்டமாகப் பல்தடம். நடுவில் கடிபடாமல் ஒரு மேடு. அவர் பல்லேதான். முந்தைய நாள் அவரே கடித்துத் துப்பியது அவரிடமே திரும்பி வந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் குமட்டலும் ஒன்றாக வந்தன.

எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். அம்மாள் முகம் வெளுத்துப்போனது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீதானே பழம் வெட்டினே? கடிச்சியா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். அதட்டல் வாயில்தான் இருந்தது, கண் கெஞ்சியது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேரையும் அந்தப் புல்தரையிலேயே வாந்தியெடுக்க வைத்திருக்கலாம். என் கண்முன்னால் அந்தச் செங்கல் அறை வந்து நின்றது.

"ஆமாங்க தொரசானி. நான்தாங்க கடிச்சேன். பசியா இருந்துச்சு. மன்னிச்சுக்குங்க."

அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு குழாய்க்கு ஓடினார். மூன்று முறை கொப்பளித்தார், காறித் துப்பினார். யாருடைய எச்சிலுக்காகத் துப்புகிறார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண், "பாவம், விடுங்க. இதுங்க எங்க இதெல்லாம் பாத்திருக்கும்?" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். துப்பியவரைவிட அவளை நான் அதிகம் வெறுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மாள் சமையலறைக்கு வந்தார். நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கெழம உங்கம்மாவக் கூட்டிட்டு வந்துரு. அந்த ரூமக் கூட்டி வச்சுக்கோ" என்றார்.

அவர் போன பிறகு, புதிதாகக் கலந்து வைத்த கிண்ணத்திலிருந்து குடித்து முடித்த கிளாஸ்கள் வந்தன. யாரும் என்னை ஏவவில்லை. நானே வடிகட்டியை எடுத்தேன். விளக்கைக் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சீவினேன். அன்று ஒரு பல்தடம்கூடத் தப்பவில்லை.