புளி போட்டுத் தேய்த்த ராணி

என் மேசை இழுப்பறையில், பழைய பஸ் டிக்கெட்டில் மடித்த செப்புக் காலணா ஒன்று கிடக்கிறது. ஒரு பக்கம் வெள்ளைக்கார ராணியின் தலை, மறுபக்கம் எழுத்து. அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு இடது அக்குள் அரிக்கும். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நயா பைசா வந்து சில வருடங்கள் ஆகியும் செஞ்சிப் பக்கத்து ஜனங்களின் சுருக்குப் பைகளிலிருந்து அணாக்கள் வந்தபடியே இருந்தன. அவலூர்பேட்டை பஸ்ஸின் கண்டக்டரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர், நல்ல காசு ஒன்று தோல்பையில் விழுந்தால் தன் சில்லறையைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். வீட்டில் மூன்று தகர டப்பாக்கள் வைத்திருந்தார். ராணியின் தலைமுடியை இழை இழையாக எண்ண முடிந்தால் முதல் டப்பா. முடி தேய்ந்து மூக்கு மிஞ்சியிருந்தால் இரண்டாவது. மூக்கும் போயிருந்தால் மூன்றாவது. அந்த டப்பாவுக்கு அவர் வைத்த பெயர் மொட்டை. அதே வருடத்தில் அடித்த அதே காசு முதல் டப்பாவில் இருந்தால் எண்பது ரூபாய், மொட்டையில் இருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை என்பார். நான் நம்பவில்லை. கடைவீதியில் எங்கள் நைனாவின் பாத்திரக்கடையில் வளர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்து செம்புக்கு இரண்டே குணம்தான்: எடை, பளபளப்பு.

அவர் மனைவி, எனக்கு அண்ணி, ஒரு பழைய தையல் மிஷினைப் பார்த்து வைத்திருந்தார். எண்பது ரூபாய். வெள்ளிக்கிழமை தாண்டினால் வேறு ஆளுக்குப் போய்விடும். அதற்காக முதல் டப்பாவின் முதல் ராணியை விற்க அண்ணன் மனதைத் தேற்றிக்கொண்டார். பாண்டிச்சேரி வியாபாரி வெள்ளிக்கிழமை வருவதாகப் பேச்சு. முன்னாலேயே வந்துவிட்டால் காட்டுவதற்காக, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கடையில், டிக்கெட்டில் மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு வண்டி ஏறினார்.

பிரித்துப் பார்த்தேன். பழுப்பேறி, அழுது வடிந்த முகம். எங்கள் கடையிலிருந்து எந்தப் பாத்திரமும் அழுக்கு முகத்தோடு வெளியே போகாது. எண்பது ரூபாய் ராணி போகலாமா? பத்து ரூபாய் சேர்த்தே கிடைக்கட்டும் என்று புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். புதுத் தாம்பாளம் போல மின்னினாள்.

மறுநாள் அண்ணனை அசத்திவிடலாம் என்று காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் பஸ்ஸில் ஏறினேன். நான் கையை உள்ளே விடுவதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“திண்டிவனத்துல ஒருத்தன் காசைத் தேச்சுப்புட்டான் தம்பி. அந்தப் பழுப்பு இருக்குது பாரு, அதான் காசோட தோலு. தோலை உரிச்சா முடியும் போச்சு, விலையும் போச்சு. வாங்க வந்தவன் மூஞ்சியத் திருப்பிக்கினு போய்ட்டான்.”

என் கை சட்டைப்பைமேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. “இன்னா தம்பி, மாரு வலிக்குதா?” என்றார். வாயு என்றேன்.

அடுத்த இரண்டு நாள் நான் செய்த வைத்தியங்களை வெளியே சொல்லியிருந்தால் எனக்கு யாரும் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். காசைச் சாணியில் புதைத்தேன். அடுப்புக்கரி தடவினேன். நைனா பார்க்காதபோது ஊறுகாய் ஜாடியில் போட்டேன். இன்னும் பளிச்சென்று வெளியே வந்தாள். கடைசியில், வியர்வை பட்டால் கறுக்கும் என்று நானே கண்டுபிடித்து, இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வியாழக்கிழமை முழுக்க வியாபாரம் பார்த்தேன். குடம் வாங்க வந்த ஒரு பெரியம்மா நான் கையை இடுக்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, அக்குள் கட்டிக்கு மஞ்சள் அரைத்துப் போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எங்கள் கடையில், அண்ணன் பக்கத்தில் நிற்க, வியாபாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். முதலில் காசை முகர்ந்தார். அப்புறம் பார்த்தார். முடி மழுங்கியிருக்கிறது, தோல் போய்விட்டது, ஐந்து ரூபாய் தரலாம் என்றார். தேய்த்தது யார் என்று கேட்டபோது அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தலைகீழாகப் பிடித்த பித்தளைக் கரண்டியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கை என்னுடையது. அவர் தெரிந்தும் தெரியாத மாதிரி நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தாண்ணே,” என்றேன். “நல்லாருக்கட்டும்னுதான்.”

அவர் திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். “அண்ணிகிட்ட இன்னா சொல்றது தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானமே என் சைக்கிளை விற்றேன். பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார் என்பதால், மிஷினையே வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றி அண்ணன் வீட்டு வாசலில் இறக்கினேன். சாயங்காலம் கடைக்கு வந்த அண்ணன், ராணியை அதே டிக்கெட்டில் மடித்து என் கையில் வைத்து, “இனிமே இது உன் வூட்டு ராணி,” என்றார். சைக்கிள் போனதால் தினமும் அவர் பஸ்தான் எனக்கு. பாக்கிச் சில்லறை தரும்போதெல்லாம், பஸ் முழுக்கக் கேட்கும்படி, “புளி போட்டுத் தேச்சுத் தரட்டா தம்பி?” என்பார்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் பூதக்கண்ணாடியோடு வந்து ராணியைப் பார்க்காமல் போக மாட்டார். இந்த வருடம் ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஒன்றும் செய்யாமலே, இருந்த இடத்திலேயே அவள் பழுப்பேறியிருந்தாள்.

“தோலு வந்துடுச்சு தம்பி. ரெண்டாவது டப்பாவுல வெக்கலாம்,” என்றார். பிறகு கண்ணாடியை மெல்ல உயர்த்தி, என் தலைக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீதான் மூணாவதுக்குப் போய்ட்ட.”

நான் ராணியை டிக்கெட்டில் மடித்து இழுப்பறையில் வைத்தேன். பூட்டும்போது அக்குளோடு சேர்ந்து வழுக்கையும் அரித்தது.