கட்டிலுக்குக் கீழே தேடியவர்கள்

அப்பா அந்த மாதம் முழுவதும் களைத்துப்போய் இருந்தார். வேலை கூடியதால் வந்த களைப்பல்ல அது. தீயணைப்புப் பிரிவில் முக்கால்வாசி நாளும் ஒன்றும் நடக்காது. குழாய்களை விரித்துக் காயவைப்பது, வண்டியைக் கழுவுவது, எங்காவது கிணற்றுக்குள் விழுந்த மாட்டைத் தூக்கப் போவது, இவ்வளவுதான். அப்படியான நாட்களில்கூட அப்பா அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் அரை மணித்தியாலம் சும்மா இருப்பார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார். அது ஆறிப்போகும். பிறகு அம்மாவே அதை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போவார்.

காரணம் எனக்குத் தெரியாது. எனக்கு எட்டு வயது. நான் பக்கத்தில் வந்தால் பெரியவர்களின் கதை உடனே மீன் விலைக்கு மாறிவிடும். வளர்ந்தபிறகு சித்தப்பா சொல்லித்தான் முழுவதும் தெரியவந்தது. அவர் அப்பாவின் தம்பி, அப்பாவின் குழுவிலேயே வேலை செய்தவர்.

துறைமுகப் பக்கம் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் வீடு எரிந்திருக்கிறது. படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெயை வீட்டுக்குள்ளேயே கான் கானாக வைத்திருந்தார்கள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் உள்ளே அகப்பட்டுக்கொண்டான். அன்று குழுவுக்குப் பொறுப்பு அப்பா. மூன்று பேரை உள்ளே அனுப்பினார். தகரக் கூரை வளைவதைக் கண்டதும் விசில் ஊதினார். விசில் கேட்டால் கையில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், அது அவர்களுடைய சட்டம். வந்தார்கள். கூரை விழுந்தது. பையனைப் பிறகு கட்டிலுக்குக் கீழே கண்டெடுத்தார்கள்.

விசிலுக்கும் கூரைக்கும் இடையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. உடனே விழுந்தது என்றார்கள் சிலர். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் பிள்ளையைக் கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள் பலர். சந்தையில், பஸ் நிலையத்தில், கோயில் வாசலில், எங்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிய பேச்சுத்தான். ஊருக்கு வாய் வலிக்கவேயில்லை. என் காதுக்கு மட்டும் அது எட்டவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அப்பா என்னை வெளிக்கிடச் சொன்னார். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஆள் இல்லாத பழைய குவாட்டர்ஸ் ஒன்று இருந்தது. பயிற்சியெல்லாம் அங்கேதான் நடக்கும். வழக்கமாக ஒரு மண்மூட்டையை மனிதன் என்று வைத்துக்கொண்டு தேடுவார்கள். மண்மூட்டைக்கு ஒளிக்கத் தெரியாது என்பது அப்பாவின் கவலை.

"என்ர பிள்ளையோட இந்த விளையாட்டொண்டும் வேண்டாம்" என்றார் அம்மா.

"நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. இவள் ஒளிப்பாள், பெடியள் தேடுவாங்கள். அவ்வளவுதான்" என்றார் அப்பா. எனக்கோ தலைகால் புரியாத சந்தோசம்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அலுமாரி. விரும்பிய இடத்தில் ஒளிக்கலாம், ஆனால் யார் கூப்பிட்டாலும் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு அப்பா வாசலுக்குப் போனார். நான் அலுமாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவிடுக்கால் அறை முழுவதும் தெரிந்தது.

மூன்று பேர் தவழ்ந்து வந்தார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் முகமூடி. அதன் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடிக் கட்டியிருந்தார்கள், புகைக்குள் கண் தெரியாததுபோல இருக்கவேண்டும் என்பதற்காக. சித்தப்பா மேசைக்காலில் தலையை மோதி, வீட்டில் சொல்லக் கூடாத ஒரு சொல்லைச் சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மூவரும் நேரே கட்டிலுக்குக் கீழேதான் போனார்கள். ஒருவர் வெளியே வந்ததும் அடுத்தவர் நுழைந்தார். அங்கே ஒரு பூனைகூட இல்லை. ஒருமுறை தடவிப் பார்த்தால் போதாதா? சித்தப்பா இரண்டாம் தரமும் நுழைந்து, நிலத்தை மூலை மூலையாக, மெதுவாகத் தடவினார். வளர்ந்த மனிதர்களுக்கு ஒளித்துப் பிடித்து விளையாடக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு அலுத்துவிட்டது.

கடைசியில் சித்தப்பா சுவரைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். அவருடைய கையுறை அலுமாரிக் கதவில் பட்டது. நான் மூச்சை அடக்கினேன். அந்த நேரம் பார்த்து வெளியே விசில் கேட்டது.

கதவிலிருந்து கை எடுபடவில்லை. "அண்ணன், ஒரு நிமிசம் தாங்கோ!" என்று முகமூடிக்குள்ளிருந்து கத்தினார் சித்தப்பா.

"ஏலாது. வெளியில வா!"

விசில் இரண்டாம் தரம் நீளமாகக் கேட்டது. கதவில் இருந்த கை விலகியது. மூவரும் தவழ்ந்து வெளியேறினார்கள். நான் அலுமாரியை விட்டுக் குதித்து, வென்றுவிட்டேன் என்று கூவிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சித்தப்பா முகமூடியைக் கழற்றி நிலத்தில் போட்டுவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் குழாயடிக்குப் போனார். அப்பா வண்டியின் படியில் உட்கார்ந்து பயிற்சிப் பதிவுப் புத்தகத்தில் எழுதினார். எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'சிறுமி ஒருவர். மீட்கப்படவில்லை.' என்னைப் பற்றி அரசாங்கப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் அப்பாவுக்கு முன்னால் இருந்தேன். அவர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். தன் ஆட்கள் தோற்றுப்போனதால் அப்பாவுக்குக் கவலை என்று நினைத்தேன். எனக்கு அவர்மீது பெரும் இரக்கம் வந்தது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"கவலைப்படாதீங்கோ அப்பா" என்றேன். "இன்னும் ஒரு நிமிசம் விட்டிருந்தா சித்தப்பா என்னைக் கண்டுபிடிச்சிருப்பார்."

மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்து தெரு ஓரத்தில் நின்றது. அப்பா இயந்திரத்தை நிறுத்தினார். இறங்கவில்லை, கைகளையும் பிடியிலிருந்து எடுக்கவில்லை.

"ஓம் பிள்ளை" என்றார்.

எதிர்ப்புறத்து மரநிழலில், எங்கள் ஊர்த் தெருக்களில் எப்போதும் திரியும் மான்கள் நின்று யாரோ எறிந்த மரக்கறித் தோலைத் தின்றுகொண்டிருந்தன. எனக்குக் காட்டத்தான் நிறுத்தினார் என்று நினைத்து, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி அப்பாவுக்குச் சொல்லத் தொடங்கினேன்.