கபோ கோவிலில் கிடைத்த சப்பாத்துகள்

அன்றைக்கு அங்கே இருந்தது நான், மனைவி, மனைவியின் தம்பி, மன்னாரில் இருந்து வந்த ஒரு அக்கா, அவருடைய புருஷன். பிறகு அந்தக் கோவிலின் பாதிரியாரான பங்குச் சுவாமி. அந்தப் பங்கைச் சேர்ந்த இத்தாலியப் பெண்கள் மூன்று பேர், எல்லாரும் வயதானவர்கள்.

இத்தாலியில், கபோ என்கிற சந்தைக்குப் பின்னால் இருந்த பழைய பங்குக் கோவில் அது. எத்தனை நூறு வருசம் என்று எனக்குத் தெரியாது. தரை முழுக்கக் கல்லறைக் கல். எழுத்துத் தேய்ந்து கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஞாயிறு பின்னேரம் செபமாலை சொல்ல எங்களுக்கு அதைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் பின்பக்கத்துச் சின்ன ஒழுங்கையால் வந்து, பின்முற்றத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஊரில் போல வெறுங்காலோடு தரையில் இருப்போம். குளிர்காலத்திலும் அப்படித்தான். முன்வாசலால் வருகிறவர்களுக்கு எங்கள் வெறுங்கால் மட்டும்தான் தெரியும், சப்பாத்துகள் தெரியாது. அதை நாங்கள் யோசிக்கவில்லை.

செபமாலை முடியச் சுவாமி வந்தார். பின்னால் அந்த மூன்று பேரும் பைகளோடு. பீடத்துக்கு முன்னால் பைகளைக் கவிழ்த்தார்கள். பழைய சப்பாத்துகள். துடைத்து, மினுக்கி, புது நாடா போட்டிருந்தது. வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்ததாம், சப்பாத்து இல்லாத எங்களுக்காக.

எங்களில் இத்தாலியன் கதைக்கத் தெரிந்தவன் நான்தான்.

“இஞ்சேருங்கோ, எங்களிட்டைச் சப்பாத்து இருக்கெண்டு சொல்லுங்கோ,” என்றாள் மனைவி.

“பொறும்.”

“என்னத்தைப் பொறுக்கிறது? கதவைத் திறந்தா பின்முத்தத்திலை கிடக்கு. காட்டுங்கோவன்.”

அதற்குள் ஒரு பெண் முழந்தாளிட்டு, மனைவியின் பாதத்தோடு ஒரு சப்பாத்தை வைத்து அளவு பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தேன். இனிக் கோவிலைத் தராமல் விடுவார்களோ என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புத்தான் பெரிது.

“கிராத்சியே, சிஞ்ஞோரா,” என்று நன்றி சொன்னேன்.

தம்பி ஒரு சோடியைப் போட்டுப் பார்த்தான். “அத்தான், பெருவிரலை வெட்டினா அளவா இருக்கும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்கள் முன்வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். ஆரோ போட்ட சப்பாத்தோடு சந்தையால் நடந்தோம். பொழுதுபட நான் தனியே திரும்பி வந்து, எங்கள் சப்பாத்துகளைக் கள்ளன் மாதிரிப் பையில் அள்ளிக்கொண்டு போனேன்.

“பிச்சைக்காரர் மாதிரி நிண்டம்,” என்றாள் மனைவி.

“கோவில் வேணுமோ வேண்டாமோ?”

“ஓம், வேணும். அதுக்கு?”



அடுத்த ஞாயிறு கொடுத்த சப்பாத்துகளோடு முன்வாசலால் போய் வாங்குப் பலகையில் இருந்தோம். மனைவி எங்களோடு வரவில்லை. கொஞ்சம் பிந்திப் பின்பக்கத்தால் வந்து, வெறுங்காலோடு தரையில் இருந்தாள். அளவு பார்த்த பெண் அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முடிந்ததும் பின்முற்றத்துக்குப் போய்ப் பார்த்தேன்.

அவளுடைய சொந்தச் சப்பாத்து, ஒரு சோடி.