இடது பின் ஸ்பீக்கர்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவருக்கு அந்த வட்டாரத்தில் 'பாம்புச்செவி' என்று பெயர். மூடியைக் கழற்றாமலே, உள்ளே எந்த ஃபேன் சாகப் போகிறது என்று சொல்லிவிடுவார். பெயரில் அவருக்குப் பெருமைதான். பெருமைக்கு அடியில் ஒரு பயமும் உண்டு. அவருடைய அப்பாவுக்கு நாற்பத்தாறு வயதில் இடது காது போயிற்று. அடுத்த வருடமே வலதும் போயிற்று. அதற்குப் பிறகு எதைச் சொல்வதானாலும் அம்மா, அப்பாவின் முகத்துக்கு எதிரே போய் நின்றுதான் சொல்வாள். பாம்புச்செவிக்கு இந்த வருடம் நாற்பத்தாறு.

மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறைதான் அவர் கடை. அங்கே அவர் பேரெடுத்தது ஒரு விசித்திரமான வேலையில். இருபது வருடத்துப் பழைய விளையாட்டுகள் சில, முன்னும் பின்னுமாக ஐந்து ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும். புதிய கம்ப்யூட்டரில் அவற்றைப் போட்டால் எல்லாச் சத்தமும் முன்னாலிருக்கும் இரண்டிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். அவை சவுண்ட் கார்டோடு நேராகப் பேசிக்கொண்டிருந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. விளையாட்டின் ஃபோல்டருக்குள் ஒரு சின்ன ஃபைலைப் போடுவார் இவர். அது நடுவில் உட்கார்ந்து தரகு வேலை பார்த்து, சத்தத்தைப் பழையபடி பிரித்துக் கொடுத்துவிடும்.

ஃபைலை எவனும் போடலாம். அதற்கப்புறம்தான் வித்தை. ஸ்பீக்கர்களுக்கு நடுவே சுழல்நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, ஒவ்வொன்றின் சத்தத்தையும் காதாலேயே ஏற்றி இறக்கிச் சரிக்கட்டுவார். கருவி கிருவி எதுவும் கிடையாது. கடைசிச் சோதனைக்கு ஒரு சுரங்க விளையாட்டு. இருட்டில் ஏதோ ஒன்று பின்னால் நடந்து வரும். காலடி எந்தப் பக்கம் என்று கேட்டுத் திரும்பினால் உயிர் பிழைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஆடியும் அவர் அதில் செத்ததே இல்லை.

இரண்டு மாதமாகச் செத்துக்கொண்டிருந்தார். எப்போதும் இடது பின்பக்கத்திலிருந்துதான் அது வந்து பிடித்தது. அந்தப் பக்கம் ஃபைல் மக்கர் பண்ணுகிறது என்று முடிவுகட்டி, வருகிற மிஷினில் எல்லாம் இடது பின் ஸ்பீக்கரை ஏற்றிவைத்துக் கொடுத்தார்.

முதலில் பஸ் டிரைவர் ஒருவர் படியேறி வந்தார்.

"அண்ணே, இடது பக்கம் பின்னால காதைக் கிழிக்குதுண்ணே."

"நாள் பூரா ஹார்ன் அடிச்ச காது. அதுக்கு எல்லாம் கிழியத்தான் செய்யும்."

அடுத்த வாரம் ஒரு வாத்தியார் அதையே சொன்னார். அவருக்கு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று பதில் கிடைத்தது.

மூன்றாவதாகப் பல் டாக்டரம்மா மிஷினைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். "என் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றார். நீங்களே கேளுங்க."

ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர். பாம்புச்செவி சுழல்நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஸ்பீக்கர்களை எல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றிலும் மழை இரைச்சல் மாதிரி ஒரு சத்தத்தை ஓடவிட்டார். இடது பின் மூலை மங்கல். ஃபைலை மாற்றினார். ஒயரை மாற்றினார். ஸ்பீக்கரையே மாற்றினார். அதே மங்கல்.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தானே கேக்குது?" என்றார் டாக்டரம்மா.

பாக்கி ஒரு சோதனைதான் இருந்தது. அது அவருக்கு முதலிலேயே தெரியும். செய்ய மனம் வரவில்லை, அவ்வளவுதான். காலைத் தரையில் ஊன்றி நாற்காலியை மெதுவாகத் திருப்பினார். கோளாறு மூலையில் இருந்தால் அது மூலையிலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை. அவர் திரும்பத் திரும்ப அந்த மங்கலும் கூடவே திரும்பியது. அறையைச் சுற்றி வந்து மறுபடியும் அவருடைய இடது தோளுக்குப் பின்னால் நின்றது. கூடத்தில் ஒரு கோணலும் இல்லை.

"நாளைக்கு வாங்கம்மா, சரியாயிடும்" என்றார். அவருக்கே அவர் குரல் பிடிக்கவில்லை.

சாயங்காலம் மனைவி வழக்கம்போல வேலை முடிந்து கடைக்கு வந்தாள். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவள் அவருடைய வலப்பக்கம் வந்தாள். சாலையைப் பார்ப்பவர் போல அவர் நழுவி, அவளை இடப்பக்கம் ஆக்கினார். பத்தடி போவதற்குள் அவள் பின்னாலேயே சுற்றி வலப்பக்கம் வந்துவிட்டாள். மறுபடி மாற்றினார். மறுபடியும் வந்துவிட்டாள், செருப்பைச் சரிசெய்வது மாதிரி குனிந்து எழுந்து.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார்.

அவள் நடையை நிறுத்தினாள். சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேர் எதிரே நின்றாள்.