நோரீனின் கீழ்ப்பலகை

பிளாஸ்டிக் பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, நோரீன் பீர் டின்களின் அடிப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றையும் எடுத்துக் கவிழ்த்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணருகே கொண்டுபோகிறார். பீரை அடைத்த தேதியை அங்கேதான் புள்ளி புள்ளியாக, எறும்பு ஊர்ந்த மாதிரி அடித்திருப்பார்கள்.

"நவம்பர். நீ இருக்கலாம். நீ? டிசம்பர், சின்னப் பிள்ளை. நீ... ஆகஸ்டா? ஐயோ, உன்னை யாரு இத்தனை நாள் பின்னாடி ஒளிச்சு வச்சது?"

ஆகஸ்டு டின் தனியாக ஒதுங்குகிறது. அதை இனி விற்கமாட்டார். பாதி விலைக்குக்கூடத் தரமாட்டார். "பாதி விலைக்குக் குடிச்சவனும் முழு வாயாலதான் திட்டுவான்" என்பார்.

நியூ நார்ஃபோக் என்ற சிற்றூரில் பாலத்தைத் தாண்டி இறங்கியதும் இடதுகைப் பக்கம் இருக்கிறது அந்த மதுக்கடை. அங்கே அவருக்கு இருபத்தாறு வருஷ வேலை. கடையின் முன்பக்கம் பெரிய கம்பெனிகளின் அட்டைப்பெட்டிகள். தூசி படிய நேரமில்லாமல், வந்த வேகத்தில் ஆட்களின் தோளேறிப் போய்விடும். பின்சுவரில், குளிர் அறைக் கதவை ஒட்டி, ஐந்து பலகை வைத்த ஒரு அலமாரி. அது ஓடாத சரக்கின் இடம். ஆப்பிள் கொட்டகையிலும் கார் நிறுத்தும் அறையிலும் யாரோ இரண்டு பேர் சேர்ந்து காய்ச்சி, தாங்களே படம் வரைந்து ஒட்டி, நம்பிக்கையோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பீர்கள். ஒன்றில் மூக்குக்கண்ணாடி போட்ட போஸம் என்கிற மரவிலங்கு. ஒன்றுக்குச் செத்துப்போன நாயின் பெயர். ஒன்று பீட்ரூட் நிறம். இன்னொன்று வாயில் வைத்தால் புளிக்கும். கெட்டுப்போய் அல்ல, அதைச் செய்ததே அப்படித்தான். வாங்க வருகிறவர்களுக்கு நோரீன் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற க்ளென் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். "என்ன நோரீன், உன் முதியோர் இல்லத்துல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்தான். உனக்கும் ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கேன், வா."

நோரீன் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. பத்து வயதில் தேவாலயத்தில், மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, குடிப்பதில்லை என்று மையால் கையெழுத்துப் போட்டவர். அறுபத்து மூன்று வயதிலும் அந்தக் கையெழுத்து செல்லும் என்றே நினைக்கிறார். காலையில் கடையைத் திறக்கும்போது சாவியைப் பூட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒரு நொடி நிற்பார். "இன்னிக்கு வாங்கிட்டுப் போற எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேரட்டும்." அவ்வளவுதான் ஜெபம். பிறகு சாவி திரும்பும்.

கடை முதலாளி டாமியனுக்கு இது விளங்குவதே இல்லை. ஹோபார்ட் நகரத்திலிருந்து வந்து இரண்டு வருஷத்துக்கு முன் கடையை வாங்கியவன். நோரீனைவிட முப்பது வயது இளையவன், நல்ல பிள்ளை, அவசரக்காரன்.

"குடிக்காமலே இது பழசு, அது நல்லதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஒரு வீட்டு வாசல்ல நின்னாலே உள்ள சண்டையா சமாதானமான்னு தெரியாதா? உள்ள போய்ப் படுத்துப் பாக்கணுமா?"

அவருக்குத் தெரிந்தது இவ்வளவு. வெளிர் பீருக்கு உயிர் அதில் போடுகிற ஹாப்ஸ் பூவின் வாசனை. நாலு மாதத்தில் அது போய்விடும். கறுப்பு பீர் அப்படியில்லை. கெட்டியானது, இருட்டில் இருக்க இருக்கப் பதமாகும். அதனால் கறுப்பு பாட்டில்களுக்கு மட்டும் கீழ்ப்பலகை. ஒவ்வொரு வருஷமும் ஹாப்ஸ் அறுவடை முடிகிற நாளில் நோரீன் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு பாட்டிலின் தோளிலும் ஒரு கோடு போடுவார். ஒரு கோடு என்றால் ஒரு வயது. பாட்டில் விற்றால் கோடுகளைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பார். "போற வீட்டுல வயசைச் சொல்லிக் காட்டக் கூடாது."

அந்தப் பலகையில் முக்கால்வாசி லெஸ்டர் டிரிஃபிட் காய்ச்சியது. லெஸ்டரும் நோரீனும் ஒரே வயது, ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். புஷி பார்க் ஹாப்ஸ் தோட்டத்தில் பூப் பறிக்க வந்தவர்களின் தகரக் குடிசைகளில், சுவருக்கு இந்தப் பக்கம் நோரீனின் பைபஸ் குடும்பம், அந்தப் பக்கம் டிரிஃபிட் குடும்பம். இப்போது லெஸ்டர் ஆற்றோரம் ப்ளெண்டி என்ற ஊரில் தனியாக இருக்கிறார். தோட்டங்கள் கைவிட்டுவிட்ட பழைய ரக ஹாப்ஸ் கொடி ஒரு வரிசை அவர் வேலியில் இன்னும் ஏறுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பறித்து ஒரு கறுப்பு பீர் காய்ச்சுவார். பாட்டிலில் படம் கிடையாது. "டிரிஃபிட், ப்ளெண்டி" என்று மட்டும் இருக்கும். விலையைப் பார்த்தவர்கள் மெதுவாகத் திரும்ப வைத்துவிடுவார்கள்.

அந்த பீர் நோரீனுக்குத் தெரியவந்தது ஒரு விபத்தால். ஏழு வருஷத்துக்கு முன், லெஸ்டர் முதல் பெட்டியை இறக்கிய அன்று, ஒரு பாட்டில் நழுவித் தரையில் உடைந்தது. துடைப்பான் எடுத்து வந்த நோரீன் பாதி வழியில் நின்றுவிட்டார். கடைக்குள் அந்தக் கால அறுவடை மார்ச் மாதம் வந்து நின்றது. அவருடைய அப்பா இலையுதிர் காலம் முழுக்கப் பூ உலர்த்தும் சூளைக்குத் தீ மூட்டிக் காத்தவர். அந்தச் சூடான பலகைத் தளம், கோணிப்பை, ஒரு சிட்டிகை கந்தகம், நசுங்கிய பச்சைப் பூவின் எண்ணெய். கையைக் கழுவாமல் ரொட்டியைப் பிட்டால் ரொட்டி கசக்கும். பொழுது சாய்கையில் சூளைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா மெல்லிய குரலில் ஞானப்பாட்டு பாடுவார். பிள்ளைகள் பூ மூட்டைகளின் மேல் படுத்துக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்கள். அப்பாவும் குடிக்காதவர்தான். பூவை உலர்த்தி மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிடுவார். அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று கேட்டதே இல்லை.

தரையைத் துடைக்க நோரீனுக்கு அன்று வெகுநேரம் ஆயிற்று. லெஸ்டர் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இந்த மார்ச் தொடக்கத்தில் டாமியன் அலமாரியின் முன் வந்து நின்றான். இடுப்பில் கை.

"நோரீன், ஈஸ்டருக்குள்ள இதை எடுத்துடலாம். மாம்பழ வாசனை போட்ட டின் நாலு வகை வருது. அது ஓடும். இது நின்ன இடத்துல வேர் விட்டிருச்சு."

"எல்லாம் நிக்கல, டாமியன். லெஸ்டரோட கறுப்பு மாசம் ஒண்ணு போகுது. எனக்கு லீவு இருக்கிற வியாழக்கிழமை யாரோ வந்து வாங்குறார். நீதானே எடுத்துக் குடுக்கிறே?"

"ஆமா, ஒரு தொப்பிக்காரர். பேசவே மாட்டார்."

"அப்படி ஒருத்தர் தேடி வர்றார்னா, நாளைக்கு இன்னும் நாலு பேர் வருவாங்க. வர்றப்போ அலமாரி இல்லைன்னா அவர் எங்க போவார்?"

டாமியன் தலையைச் சொறிந்தான். "சரி, உங்க வியாழக்கிழமைக்காரருக்காக விட்டு வைக்கிறேன். அவர் ஒருத்தருக்காகத்தான், பாத்துக்கோங்க."

அந்த வியாழக்கிழமைக்காரரை நோரீன் பார்த்ததே இல்லை. ஆனால் மனதுக்குள் அவருக்கு ஒரு வீடே கட்டிவைத்திருந்தார். மேடினா ஊர்ப் பக்கத்து மரவெட்டியாக இருக்கலாம். சின்ன வயதில் சூளை வாசனை பிடித்தவராகத்தான் இருக்கவேண்டும். கணப்பருகே காலை நீட்டி, ஒரு பாட்டிலை ஒரு மாதத்துக்கு ஆசையாக நினைத்துக்கொண்டிருப்பார். ஜெபத்தில் அவருக்கென்று தனியாக ஒரு வரி இருந்தது. பலகையில் இடைவெளி விழுந்திருக்கிற வெள்ளிக்கிழமை, கடை திறந்ததும் முதல் வேலையாக லெஸ்டருக்கு போன் போடுவார். "லெஸ்டர்! ஒண்ணு போயிருச்சு!"

"அடடே, யாராம்?" என்பார் லெஸ்டர்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், சிலுவை போட்ட இனிப்பு பன் சுட்டு எடுத்துக்கொண்டு நோரீன் ப்ளெண்டிக்குப் போனார். வருஷா வருஷம் போவதுதான். லெஸ்டர் முற்றத்தில் இல்லை. பன்னை உள்ளே வைத்துவிடலாம் என்று காய்ச்சும் கொட்டகையின் கதவைத் தள்ளினார்.

ஜன்னல் மாடத்தில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றும் திறக்கப்படவில்லை. எல்லாவற்றின் தோளிலும் சாக்பீஸ் கோடு. சிலவற்றில் மூன்று, சிலவற்றில் ஐந்து, ஓரத்தில் இருந்த ஒன்றில் ஆறு. கோடு போட்ட கை தன்னுடையதுதான் என்று நோரீனுக்குத் தெரியாதா? டாமியனுக்குத் துடைத்துக் கொடுக்கத் தெரியாது.

ஆணியில் தொப்பி தொங்கியது.

பின்னாலிருந்து லெஸ்டர் வந்து நின்றார். கையில் கொடி கட்டுகிற கயிறு. 

"ரெண்டு வருஷமா உனக்குத்தான் ஜெபம் பண்ணிட்டிருந்தேனா?" என்றார் நோரீன்.

"அதான் முழங்கால் வலி கொஞ்சம் தேவலாம்னு இருந்துது."

"சிரிக்காதே. உன் பீரை நீயே போய் வாங்குவியா? மூளை இருக்கா உனக்கு?"

லெஸ்டர் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "பெட்டியை எப்பவும் உன்கிட்டதானே இறக்குவேன், டாமியனுக்கு என் முகம் தெரியாது. முதல்ல ஒண்ணே ஒண்ணுதான் வாங்கினேன். அது அங்க அப்படி நிக்கிறதைப் பாக்க முடியல. மறுநாள் நீ போன் பண்ணினே. ஒண்ணு போயிருச்சுன்னு கத்தினே பாரு... குடிசைல இருந்தப்போ லாரி வந்திருச்சுன்னு கத்துவியே, அதே மாதிரி. அந்தக் குரலுக்காக அடுத்த மாசமும் போனேன். அப்புறம் நிறுத்தத் தெரியல."

நோரீன் பன்னை மேசைமேல் வைத்தார். சூடு ஆறாத பன். துணியை நன்றாக இழுத்து மூடினார்.

"டாமியன்கிட்ட அந்த ஆளைக் காட்டித்தான் அலமாரியைக் கேட்டு வாங்கினேன், லெஸ்டர்."

"சொல்லாதே. சொன்னா எடுத்துருவான்."

"எடுப்பான்தான்."

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை, சாவி திரும்பிய கையோடு நோரீன் டாமியனிடம் போனார். சுற்றி வளைக்கவில்லை. "வியாழக்கிழமைக்காரர் லெஸ்டர்தான். அவர் பீரை அவரே வாங்கினார். வேற யாரும் வாங்கல. உன்கிட்ட நான் சொன்னது தப்பாப் போச்சு."

டாமியன் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாமே, நோரீன்? எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"தெரிஞ்சிருக்காது. ஆனா நாளைக்கு ஈஸ்டர் ஆராதனைல பாட்டு எடுக்கும்போது எனக்குக் குரல் வராது."

அவன் அலமாரியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான். "மேல நாலு பலகையும் எடுத்தாகணும். கீழ்ப்பலகையை நீங்க வச்சுக்கோங்க. எப்படியும் மாம்பழ டின்னுக்காக எவனும் அவ்வளவு குனியமாட்டான்."

ஈஸ்டர் முடிந்த வாரம் முழுக்க நோரீன் போனும் கையுமாக இருந்தார். போஸம் படம் போட்டவர்களுக்கு, நாயின் பெயர் வைத்தவருக்கு, பீட்ரூட்காரிக்கு, ஒவ்வொருவருக்கும் தன் வாயாலேயே சொன்னார். வேறு யாரோ சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. நாயின் பெயர் வைத்தவர் போனிலேயே அழுதுவிட்டார். அவர் ஓயும்வரை நோரீன் போனை வைக்கவில்லை. டின்களைத் துடைத்துத் துணி விரித்த பெட்டிகளில் அடுக்கி அனுப்பினார். மாம்பழ டின்கள் வந்து மேல் நான்கு பலகைகளும் மஞ்சளாயின. க்ளென் எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்காமலே போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை ஹாப்ஸ் அறுவடை முடிந்தது. பாலத்தின் மேல் கடைசி லாரி பூவை உதிர்த்துக்கொண்டே போனது. சற்று நேரத்தில் லெஸ்டர் ஒரு மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். தலையில் தொப்பி இல்லை.

"வித்த சரக்கைத் திருப்பி எடுக்கமாட்டோம்" என்றார் நோரீன்.

"திருப்பிக் குடுக்க வரல. இது முதியோர் இல்லம்தானே? சேத்துக்கோ."

நோரீன் பால் கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லெஸ்டர் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் கொடுக்க, வாங்கி, இந்த வருஷத்துக் கோட்டைப் போட்டு, பெயர் முன்னால் தெரியும்படி பலகையில் நிறுத்தினார். பலகை நிரம்பிக்கொண்டே வந்தது.  சாக்பீஸ் கண்ணாடியில் கிறீச்சிட்டது.

கடைசியாக வந்தது ஆறு கோட்டு பாட்டில். அன்று உடைந்ததோடு கூடப் பிறந்தது. நோரீன் ஏழாவது கோட்டைப் போட்டார். பலகையில் இன்னும் ஒரு பாட்டிலுக்கு இடம் இருந்தது. ஆனாலும் அவர் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்பீஸைக் காதோரம் செருகிக்கொண்டு, சட்டைக் கையை உள்ளங்கைவரை இழுத்து, விற்றுப் போகிற பாட்டிலுக்குச் செய்வதுபோல ஏழு கோடுகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். பக்கத்தில் இருந்த தன் கைப்பையைத் திறந்து, ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, பாட்டிலுக்கு இடம் பண்ணினார்.