காலிப் பெட்டி ஒன்று, நாய்க்கு

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு லாப்ரடாருக்குக் குட்டி போடும் நாள் நெருங்குகிறது. என் மகன் மூன்று பெட்டிகளின் படங்களைக் கைப்பேசியில் அனுப்பி, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறான். ஒன்று கழுவி வைக்கிற பிளாஸ்டிக். இன்னொன்று மடித்து வைக்கிற துணி. மூன்றாவதில், தாய் புரண்டு படுத்தால் குட்டி நசுங்காமலிருக்க உள்ளே நாலு பக்கமும் ஒரு சட்டம். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் கொள்முதல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். மூன்று விலைப்புள்ளி, ஒப்பீட்டு அட்டவணை, குழுவின் பரிந்துரை, மேலதிகாரியின் ஒப்புதல் என்று, எந்தப் பொருளையும் அதன் தேவை தீர்ந்தபிறகு வாங்கித் தரும் முறைகள் அத்தனையும் எனக்கு அத்துப்படி. இருந்தும் நாய் குட்டி போடும் பெட்டி என்றால் நான் வாய் திறப்பதில்லை. நான் பார்த்த முதல் கொள்முதல் அதுதான். அதில் நடந்ததை இன்றுவரை எந்த விதியிலும் என்னால் அடக்க முடியவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் மதிலை ஒட்டி எங்கள் வீடு. அப்பா அந்த டேனரியில் ஸ்டோர் கிளார்க். ஆணிப் பொட்டலம்கூட அவர் கையெழுத்தில்லாமல் கேட்டைத் தாண்டாது. எங்கள் நாயின் பெயர் ஜூலி. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியது. முந்தின மழைக்காலத்தில் அது டேனரியின் உப்புக் கொட்டகைக்குப் பின்னால் சாக்கடையோரம் ஐந்து குட்டி போட்டது. நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் மழைத் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றும் தங்கவில்லை. ஒரு வாரம் அந்த நாய் வெறும் மண்ணை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதனால் மறுபடி அதன் வயிறு கீழே இறங்கியதும் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த முறை அதற்குப் பெட்டி வேண்டும், குட்டிகள் பிழைக்க வேண்டும்.

அதே நேரத்தில் அம்மாவுக்கும் ஏழாம் மாதம் முடிந்திருந்தது. எனக்கு அடுத்து ஒரு தம்பி பிறந்து மூன்றே நாள் இருந்துவிட்டுப் போயிருந்தான். அதைப் பற்றி வீட்டில் பேச மாட்டார்கள். பேசாததைச் சரிக்கட்டவோ என்னவோ, அடுத்த பிரசவம் எங்கே என்பதைப் பற்றி நிறையப் பேசினார்கள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி என்றார் அப்பா. எடுத்துப் போக வேண்டிய சாமான்களின் பட்டியலுக்கு இரண்டு பிரதிகூட எடுத்து வைத்திருந்தார். ஆற்காட்டிலிருந்து ஞாயிறுதோறும் வந்த மாமா, அம்மாவின் தம்பி, பிறந்த வீடுதான் என்றார். இரண்டு பேரும் வாதாடும்போது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். எனக்கு அந்தப் பேச்சில் அக்கறையில்லை. என் கவலை எல்லாம் பெட்டி.

அப்பா முறைப்படி ஆரம்பித்தார். ஜூலியைத் தரையில் படுக்க வைத்து மூக்கிலிருந்து வால் முளைக்கும் இடம்வரை நாடாவால் அளந்தார். அதில் ஒன்றரைப் பங்கு நீளம், ஒரு பங்கு அகலம், தாய் தாண்டக்கூடிய, குட்டி தாண்டக்கூடாத உயரம். சாயப் பவுடர் வந்த தேக்குப் பெட்டி ஒன்று ஸ்டோரில் சும்மா கிடந்தது. அதை உபயோகமற்றது என்று குறிப்பு எழுதி, மேனேஜரிடம் ஒப்புதல் வாங்கி, கேட் பாஸ் போட்டார். அந்தச் சீட்டை நான் வெகுகாலம் வைத்திருந்தேன். "காலிப் பெட்டி ஒன்று, நாய்க்கு" என்று எழுதி, கீழே தேதியோடு முழுக் கையெழுத்து.

அடுத்த ஞாயிறு மாமா போட்டிக்கு ஒரு பெட்டியோடு வந்தார். ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கும் இனிப்புக் கடையில் வாங்கிய பலகைப் பெட்டி.

"சாயப் பொட்டில போய் குட்டி போடச் சொல்றீங்களே மாமா, நீலக் குட்டியா பொறக்கும்" என்றார் அப்பாவிடம்.

"உன் பொட்டில பொறந்தா இன்னா மச்சான், சர்க்கரை வியாதியோட பொறக்கும்" என்றார் அப்பா.

ஜூலி பேடாப் பெட்டியை இரண்டு நாள் விடாமல் நக்கியது. மாமா வெற்றி பெற்றதாகவே நான் நினைத்தேன். மூன்றாம் நாள் எங்கிருந்தோ சிற்றெறும்புகள் ஊர்வலமாக வந்து பெட்டியில் குடியேறின. அந்தப் பெட்டி தகுதி நீக்கம் செய்யப்பட்டது.

தேக்குப் பெட்டியை அப்பா மூன்று முறை வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காய வைத்தார். பிறகு உள்ளே விரிப்பு. இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். சாக்கா, பழம்புடவையா என்று அம்மா கேட்டதற்கு, "இதை விட மெத்துனு இன்னா இருக்கு?" என்று, கழிவில் ஒதுக்கிய ஆட்டுத்தோல்களாகப் பார்த்துப் பொறுக்கி, அதற்கும் ஒரு பாஸ் போட்டுக் கொண்டுவந்தார். வெண்ணெய் போலிருந்தன. நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தடவிப் பார்த்து, கல்யாணப் பெண்ணுக்குக்கூட இப்படி ஒரு படுக்கை கிடைக்காது என்றார்கள்.

ஜூலி பெட்டிக்குள் தலையை விட்டது. கழுத்து மயிர் சிலிர்த்து நின்றது. பின்வாங்கி, மறுபடி எட்டிப் பார்த்து, ஒரு தோலைக் கவ்வி இழுத்துப் போய் வாசலில் போட்டது. பிறகு அடுத்தது. ஆறு தோல்களையும் வரிசையாக வெளியே போட்டுவிட்டு அவற்றுக்கு எதிரே உட்கார்ந்து மெல்ல ஊளையிட்டது. அப்பா எல்லாவற்றையும் பொறுக்கி மறுபடி உள்ளே விரித்தார். ஜூலி மறுபடி வெளியே போட்டது. இப்படி நாலு நாள்.

"ரொம்ப பேஜார் பண்ணுது" என்றார் அப்பா.

ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து திரும்ப ஏறும்வரை மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காத மாமாவுக்குத்தான் விஷயம் புரிந்தது. "உங்க ஊர்ல ஒருத்தருக்காச்சும் மூக்கு இருக்கா? செத்த ஆட்டை வரிசையா அடுக்கி வச்சிட்டு அது நடுவுல புள்ள பெத்துக்கோன்னா எப்டி? அதுக்கு அது மெத்தையா, பொணமா?"

அப்பா ஒரு தோலை எடுத்து முகர்ந்தார். நானும் முகர்ந்தேன். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

தோல்களை எடுத்துவிட்டுச் சாக்கு விரித்தோம். ஆனால் ஜூலி அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பவேயில்லை. வெள்ளிக்கிழமை காலை அது சோறு தின்னவில்லை. மூச்சு இரைக்க, தரையைப் பிறாண்டிக்கொண்டு சுற்றி வந்தது. நான் தண்ணீர் எடுக்க உள்ளே போய் வருவதற்குள் காணவில்லை.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை டேனரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை. மாமா அன்று அம்மாவை அழைத்துப்போகவே வந்திருந்தார். அப்பா விடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். பேச்சை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் நாயைத் தேடினோம். நான் நேராக உப்புக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். சாக்கடை காய்ந்து கிடந்தது. அங்கே அது இல்லை என்றதும் எனக்கு அழுகை இன்னும் அதிகமாயிற்று. இல்லாத இடத்தையெல்லாம் தேடி முடித்தபோது, வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்த அம்மா, பட்டைக் கிடங்கின் கதவருகே நின்று கையைக் காட்டினாள். தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டையை மலைபோலக் குவித்து வைக்கிற கிடங்கு அது. கதவுக்கடியில் மண் புதிதாகத் தோண்டப்பட்டிருந்தது. உள்ளிருந்து ஒரு முனகல்.

கதவில் பூட்டு. சாவி கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பாயிடம். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கதவை உடைக்கலாம் என்றார் மாமா. உடைத்தால் அதற்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்றார் அப்பா. நான் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரே இருட்டு. முனகல் நின்றுவிட்டது. அது நின்றதும் செத்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மா என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பாய் வெள்ளை ஜிப்பாவும் அத்தர் மணமுமாக வந்தார். "இன்னாம்மா தங்கச்சி, இந்த நெலமைல இங்க வந்து நிக்கிறே?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

கூரையில் ஓர் ஓடு இல்லாத இடத்திலிருந்து வெயில் தூணாக இறங்கியிருந்தது. அதில் பட்டைத்தூள் பொன்னாக மிதந்தது. குவியலின் அடியில் ஜூலி தன் உடம்பின் அளவுக்குச் சரியாக ஒரு வட்டக் குழி பறித்திருந்தது. ஒரு விரற்கடை அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. யாரும் நாடா பிடிக்கவில்லை. உலர்ந்த பட்டையின் காட்டு மணம் எனக்கேகூடத் தெரிந்தது. ஜூலியின் வயிற்றில் இரண்டு குட்டிகள் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தன.

மூன்றாவது என் கண்ணெதிரே வந்தது. கண்ணாடிக் காகிதம் போன்ற ஓர் ஈரப் பைக்குள் சுருண்டு, அசையாமல். ஜூலி பையைப் பல்லால் கிழித்தது. கொடியைக் கடித்தது. நக்கியது. குட்டி அசையவில்லை.

"போய்டுச்சி" என்று அப்பா குனிந்து கையை நீட்டினார். "எடுத்துரலாம். பாப்பா பாக்கப் போவுது."

"தொடாதீங்க" என்றாள் அம்மா. அவள் அப்பாவிடம் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. "அது வேலைய அது பாக்கட்டும்."

ஜூலி அந்தக் குட்டியை உருட்டியது, கவிழ்த்தது, மூக்கால் இடித்தது, முரட்டுத்தனமாக நக்கியது. எவ்வளவு நேரமோ தெரியாது. மாமா கைக்குட்டையை எடுத்துவிட்டிருந்தார். பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். பிறகு அந்த ஈரத்துண்டு வாயைத் திறந்தது. ஊசி முனையளவு ஒரு கீச்சு. கண்ணே திறக்காத அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, யாரும் வழி சொல்லாமல், தவழ்ந்து போய்க் காம்பைப் பிடித்தது.

பிறந்ததிலிருந்து நான் தோல் பார்த்து வளர்ந்தவள். கட்டுக் கட்டாக, உப்பில், சுண்ணாம்பில், வெயிலில். உள்ளே ஓர் உயிரோடு ஒரு தோல் வந்து சேருவதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கையைக் கூப்பிக்கொண்டிருந்தேன் என்று மாமா பின்னால் சொன்னார்.

மொத்தம் ஆறு. ஆறும் பிழைத்தன.

அப்பா, இனி எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றிவிடலாம், நாளைக் காலை பட்டை அள்ளுவார்களே என்றார். பாய் சிரித்தார். "உட்டுடுங்க சார். நாளைலருந்து அந்தப் பக்கமா அள்றோம். இம்மாம் பெரிய குவியலு, அதுக்கு ஒரு மூலை குடுக்கக் கூடாதா?" அதன்படி, குட்டிகள் கண் திறந்து ஓடும்வரை பட்டையை மறுகோடியிலிருந்தே எடுத்தார்கள். அதற்கு எந்தச் சீட்டும் எழுதப்படவில்லை.

அம்மா அங்கேயே பட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பப் போன மாமா, "வாக்கா, நாலு மணி பஸ்ஸப் புடிக்கணும்" என்றார். வேலூருக்கு வண்டி சொல்லியாகிவிட்டது என்றார் அப்பா.

"நான் ஆற்காடும் வரல, வேலூரும் போவல" என்றாள் அம்மா, நாயைப் பார்த்தபடியே. "ரெண்டு தெரு தள்ளி பிரசவ ஆஸ்பத்திரி இருக்குது. நர்சம்மா என்னை நல்லா பாத்துக்கறாங்க. இங்கதான் இருக்கப்போறேன்."

எதற்கும் ஒரு நடைமுறை வைத்திருந்த அப்பா, அன்று பாயைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுக்கச் சொன்னேன்: எங்கள் ஜூலியையும் ஆறு குட்டிகளையும் விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் எங்கள் அம்மா ஊருக்கே போகவில்லை, நாய் என்றால் அவளுக்கு அவ்வளவு உயிர். டீச்சர் என்னைக் கிட்டே அழைத்து, "இங்கயே இருக்கப்போறேன்னு சொன்னதுக்கு உங்கம்மாவ யாரும் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார். நாய்க்காக இருப்பதற்கு யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன்.