செத்துப்போன கட்டளையும் நானும்

நாற்பது வயதுக்கு மேல் எனக்குப் படிப்பு ஏறாது என்று முடிவு கட்டியவர்களில் முதல் ஆள் நான்தான். மற்றவர்களெல்லாம் அப்புறம்தான் வரிசையில் சேர்ந்தார்கள்.

வைட்ஃபீல்டில், இணையத்தில் மரச்சாமான் விற்கும் ஒரு கம்பெனியில் போன் எடுக்கிற வேலை எனக்கு. "என் சோபா எங்கே?" என்று கேட்பவர்களுக்குத் தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் எதில் வேண்டுமானாலும் சமாதானம் சொல்வேன். ஒரு நாள் மீட்டிங் போட்டு, இனிமேல் அந்தச் சமாதானத்தை ஏஐயில் ஓடுகிற சாட்பாட் சொல்லிக்கொள்ளும் என்றார்கள். எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, சந்தாபுராவில் உள்ள குடோனுக்கு மாற்றல். இன்னொன்று, வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் டீமில் காலியாக இருந்த ஒரே சீட்டுக்குத் தேர்வு எழுதுவது. எங்கள் வெப்சைட் பிஎச்பி என்கிற மொழியில் எழுதப்பட்டது. அதைக் கற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசம் தந்தார்கள்.

லிங்கராஜபுரத்திலிருந்து சந்தாபுரா என்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. மகள் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பி, அவள் படுக்கப்போகும் நேரத்துக்குத்தான் வீடு வந்து சேர முடியும். பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மட்டும் உட்கார்ந்து பார்க்கிற வாழ்க்கை எனக்கு வேண்டாம். அதனால் தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன்.

முதலில் மாரத்தஹள்ளியில் ஒரு கோச்சிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு கோடிங் கஷ்டம் மேடம், வேற ஈஸியா ஏதாச்சும் எடுத்துக்கோங்களேன்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! ஈஸியாக வேண்டுமென்றால் நான் ஏன் வெயிலில் இவ்வளவு தூரம் வரப்போகிறேன் என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப். பெயர் கொடுத்த எல்லோரும் ஒரே நாளில் பேராசிரியர் ஆகிவிட்டார்கள். 'இதுதான் பெஸ்ட்', 'இதைப் பார்த்தால் போதும்' என்று லிங்க் மேல் லிங்க் வந்து விழுந்தது. நானும் எல்லாவற்றையும் சேமித்து வைத்தேன். சேமித்ததே படித்த மாதிரி ஒரு திருப்தியைக் கொடுத்தது. ஏஐயைக் கேளேன் என்றாள் பக்கத்து சீட்டுத் தோழி. என் வேலையைப் பிடுங்கினவனிடமே போய் டியூஷன் படிப்பதா? எனக்கு ரோஷம் இருக்கிறது.

கடைசியில் அந்த லிங்க் குவியலிலிருந்து, நிறைய பேர் பார்த்திருந்த ஒரு வீடியோ வரிசையைப் பிடித்தேன். டின் ஃபேக்டரி சிக்னல் நெரிசலில் ஆபீஸ் ஷட்டில் பஸ் நிற்கிற நேரமெல்லாம் அதுதான். வீட்டுக்கு வந்ததும், அதில் பாடம் எடுப்பவர் எழுதியதை எழுத்து மாறாமல் என் கம்ப்யூட்டரில் அடிப்பேன். தகவல் சேர்த்து வைத்திருக்கிற டேட்டாபேஸோடு பக்கத்தை இணைக்கிற பாடம் வரைக்கும் வண்டி ஓடியது. அங்கே நின்றுவிட்டது. அவர் அடித்தால் பெயர்ப்பட்டியல் வருகிறது. நான் அடித்தால் பிழைச் செய்தி வருகிறது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்த்தேன். அதே பிழைதான். இரண்டு வாரம் போனது. டூவீலர் மெக்கானிக் ஷாப்பை மூடிவிட்டு வருகிற கணவர், "என்னம்மா, இன்னிக்கும் கம்ப்யூட்டர் உன்ன திட்டிச்சா?" என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டையில் களிமண் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். அதுவரை பிழைச் செய்தி வந்தால் என்னைத்தான் திட்டுகிறது என்று பதறி மூடிவிடுவேன். அன்று நிதானமாக முழுசாகப் படித்தேன். 'இப்படி ஒரு கட்டளையே கிடையாது' என்று இருந்தது. தப்பாக எழுதியிருக்கிறாய் என்று சொல்லவில்லை, கிடையாது என்றது! அந்தக் கட்டளையின் பெயரைத் தேடினேன். பிஎச்பிக்கென்றே இருக்கிற அதிகாரப்பூர்வக் கையேட்டில், அதற்கான பக்கத்தின் தலையிலேயே எச்சரிக்கை போட்டிருந்தது. அந்தக் கட்டளையை மொழியிலிருந்தே எடுத்துவிட்டார்களாம். அதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஓடிப்போய் அந்த வீடியோவின் தேதியைப் பார்த்தேன். என் மகள் ஒன்றாம் வகுப்புகூடச் சேராத காலத்தில் எடுத்தது.

"ஏங்க! பாடம் பழசுங்க! என் மண்ட நல்லாத்தான் இருக்கு!" என்று கத்தினேன்.

"அத யாரு இல்லன்னது? கொழம்பு தீயுது பாரு" என்றார் அவர்.

குழம்பு தீய்ந்தே போனது. போகட்டும் என்று விட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அன்று சாயங்காலம் சேமித்து வைத்த லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தேதி பார்த்துத் தூக்கிப் போட்டேன். பெரிய பெரிய பெயரெல்லாம் குப்பைக்குப் போனது. மிஞ்சியதில் தமிழில் பாடம் எடுக்கிற ஒரு பெண் இருந்தார். அவர் பாடத்தின் நடுவிலேயே தப்பு செய்வார், "ஐயோ, ஏன் வரல?" என்பார், பிறகு கையேட்டைத் திறந்து நம் கண் முன்னாலேயே கண்டுபிடிப்பார். தப்பே செய்யாத வாத்தியார்களிடம் நான் பட்ட பாட்டுக்கு இவர் எவ்வளவோ மேல். அவரையும் கையேட்டையும் மட்டும் வைத்துக்கொண்டேன். கையேடு ஆரம்பத்தில் மாத்திரை அட்டையோடு வருகிற காகிதம் மாதிரிதான் இருந்தது. வரிக்கு வரி உதாரணத்தை அடித்துப் பார்த்துப் பழகியதில், மெல்ல அதன் பேச்சு பிடிபட்டது.

தேர்வு அன்று ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். இணையத்தைப் பார்க்கலாம், ஏஐயும் பக்கத்து ஆளும் மட்டும் கூடாது. ஆர்டர் பட்டியலில் ஒவ்வொரு சாமானும் வந்து சேர இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். தேதிக் கணக்கு நான் படிக்காத பகுதி. தேடியதும் முதலில் வந்த விடை நீளமாக, பார்க்கப் பிரமாதமாக இருந்தது. சுற்றிலும் எல்லோரும் அதைத்தான் எடுத்து ஒட்டுகிறார்கள் என்று பார்க்காமலே தெரிந்தது. நான் அதன் தேதியைப் பார்த்தேன், மூடினேன். கையேட்டில் தேதிகளுக்கான பகுதிக்குப் போய் உதாரணத்தைப் படித்தேன். சின்னதாக அடித்துப் பார்த்தேன். வந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வெப் டீம் மேனேஜர் கன்னடக்காரர். "யாக்கே மேடம், ஃபர்ஸ்ட் வந்தத ஏன் எடுக்கல?" என்று கேட்டார்.

"அது ரொம்ப பழசு சார். இப்ப ஓடினாலும் ஓடும், ஓடலன்னா எனக்குக் காரணம் தெரியாது. இது புரிஞ்சு எழுதினது."

"தேதிக் கணக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது சார். எங்க பாக்கணும்னு தெரியும்."

அவர் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார். தேவையில்லாமல் வாயை விட்டோமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. மத்தியானம் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து அவர் டீமில் உட்காரச் சொன்னார்.

வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டேன். "ஏங்க, சந்தாபுரா இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ பைக்கை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். "என்னாது? ஒண்ணும் கேக்கல."

"சந்தாபுரா இல்லங்க! வெப் டீம்! சீட்டு எனக்குத்தான்!"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். யார் எப்படித் திட்டினாலும் குரலை உயர்த்தக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஆபீஸில் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம். அன்று ஆசை தீரக் கத்தினேன்.